ரயிலடிப் பக்கத்து வீடுகள்

செப்புச் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் பெருநகரமான அல்மாத்திக்கும் ரஷ்யாவுக்கும் போய்விட்டார்கள். ஐந்து மாடிக் குடியிருப்புகள் மட்டும் அப்படியே நின்றன. ஒரு கட்டடத்தில் நாலே குடும்பம் இருந்தாலும், வீடுகளைச் சூடேற்றும் குழாயில் முழுக் கட்டடத்துக்கும் வெந்நீர் ஓடியாக வேண்டும். நகராட்சிக்கு வரி கட்டிவந்ததோ சுரங்கம். அது போனதும் வெந்நீர் காய்ச்சும் கொதிகலன்களுக்கு நிலக்கரி வாங்க வழியில்லை.

"பள்ளிக்கூடத்தை மூடிட்டு அந்தக் காசுல கரி வாங்கலாம்," என்றார் நகரத் தலைவர்.

நிதிப் பொறுப்பில் இருந்த ஸிலிகாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆசிரியர்கள் ஏற்கெனவே சம்பளத்துக்குப் பதில் மாவு மூட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாங்க. ஆளுங்களை இடம் மாத்துவோம். ரயிலடிப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நடு ஊர்ல காலி வீடு குடுப்போம். அந்தப் பக்கத்துக் கொதிகலனை அணைச்சிடுவோம். நிலைமை தேறினதும் திரும்பிப் போகலாம்னு சொல்லுவோம்."

அவள் வீடும் ரயிலடிப் பக்கம்தான்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சிலர் அழுதார்கள், சிலர் கதவே திறக்கவில்லை. மாடிவீட்டுக் கெஞ்செபெக், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, பால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"என் பொண்டாட்டி இந்தக் கட்டில்லதான் செத்தா. தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணே. எங்க வீட்டையும்தான் விட்டுட்டுப் போறேன்."

"அதுக்கு? உன்னைத் தலையில தூக்கி வெச்சுக்கணுமா?"

ஸிலிகா தேநீரைக் குடித்து முடித்து எழுந்தாள்.

கொதிகலனை அணைத்துக் குழாய்களில் இருந்த நீரை வடித்த பிறகும் அவர் நகரவில்லை. ஜன்னல் வழியே புகைபோக்கியை நீட்டி, இரும்படுப்பில் பலகைகளை எரித்துக்கொண்டு கிடந்தார். பெரும்பனி இறங்கியதும் மெத்தையைச் சறுக்கு வண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு தானே வந்தார். நடு ஊரில் அவருக்குக் கிடைத்தது ஸிலிகாவின் புது வீட்டுக்கு எதிர்வீடு. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் யாரும் விறைத்துச் சாகவில்லை. பள்ளிக்கூடம் நடந்தது. ஆனால் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் கெஞ்செபெக் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சில வருஷங்களில் புது முதலாளிகள் சுரங்கத்தைத் திறந்தார்கள். நகராட்சியின் கையில் பணம் சேர்ந்ததும் நகரத் தலைவருக்குச் சதுக்கத்தில் நீரூற்று வைக்கும் ஆசை வந்தது.

"முதல்ல ரயிலடி வீடுங்களைச் சரி பண்ணுவோம். திரும்பிப் போகலாம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தோம்," என்றாள் ஸிலிகா.

பொறியாளர்கள் போய்ப் பார்த்தார்கள். பனியும் ஈரமும் ஏறி ஏறிச் சுவரெல்லாம் வெடித்துக் கிடந்தது. இடிப்பதைத் தவிர வழியில்லை என்றார்கள்.

அன்று மாலை ஸிலிகா முதல்முறையாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, இடிக்கப் போறாங்க."

கெஞ்செபெக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டிலை எடுத்துட்டு வரணும்," என்றார். "எனக்கு இப்போ தூக்கத் தெம்பில்ல."

"நாளைக்கு நகராட்சி வண்டியைச் சொல்றேன்."

"உன் வண்டி யாருக்கு வேணும்? நீ ஒரு பக்கம் பிடி, போதும்."

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஸிலிகா அவரோடு போனாள். கட்டில் கனமாக இருந்தது. ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் இறக்கிவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தூக்கினார்கள்.