மூத்திரப்பைக்குள் விட்ட கிருமி

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது, நோயைவிட அது வந்த இடம்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கையிலோ காலிலோ வந்திருந்தால் நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். எனக்கு வந்தது மூத்திரப்பையில்.

கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அது மறுபடி முளைக்காமலிருக்க வாரம் ஒரு தடவை குழாய் வழியாக உள்ளே கிருமியை விட்டார்கள். காசநோய்க் கிருமியின் வகைதானாம், வீரியம் குறைத்தது. பச்சைப்பிள்ளைகளுக்குத் தோளில் போடுகிற ஊசியில் இருப்பதும் இதுதானாம். அது உள்ளே போய் ஒரு சண்டையை மூட்டிவிடும், அந்தச் சண்டையில் புற்றும் சாகும் என்றார் டாக்டர். மருந்து விட்ட அன்றெல்லாம் கக்கூசில் பிளீச்சிங் ஊற்ற வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவிலேயே வெள்ளைவெளேர் என்று இருந்த கக்கூசு எங்களுடையதுதான்.

திரும்ப வந்துவிட்டால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே ஒரு பை மாட்டுவோம் என்றும் அவர் சொல்லியிருந்தார். சேலைக்குள் அதை எந்தப் பக்கம் மறைப்பது என்பதிலேயே என் ராத்தூக்கம் போனது.

என்னோடு இருக்கும் நாத்தனாரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவள் ஜெபம் பண்ணச் சொல்லிப் போதகரிடம் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "இந்தச் சகோதரியின் மூத்திரப்பையைத் தொடும் ஆண்டவரே" என்று அவர் மைக்கில் ஜெபித்தார். எங்கள் வேதக்கோயிலின் ஒலிபெருக்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து இருக்கிறது.

மருந்து ஒரு சுற்று முடிந்ததும் ராஜபாளையத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். பை நிறைந்திருந்தால்தான் படம் தெரியும் என்று தண்ணீரைக் குடிக்கவைத்து, ஆண்களும் பெண்களுமாக எங்களை உட்கார்த்திவைத்தார்கள். அங்கே வேலை பார்க்கும் நர்சுப் பெண் செத்த நேரத்துக்கு ஒரு தடவை வாசலில் வந்து நின்று, "யாருக்கெல்லாம் முட்டிருச்சு? கையத் தூக்குங்க" என்றாள். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் கையைத் தூக்கிவிட்டு உள்ளே போனார்கள்.

"மதினி, முட்டிருச்சா?" என்றாள் நாத்தனார்.

"மெல்லப் பேசு. லேசா."

"லேசான்னா எம்புட்டு?"

பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த தேவதானத்துப் பெரியவர், "எனக்கும் லேசாத்தாம்மா இருக்கு. ஒரு சோடா குடிச்சுப் பாருங்க" என்றார்.

கடைசியில் என் கையை நாத்தனார்தான் பிடித்துத் தூக்கினாள்.

ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்ததும், "இம்புட்டையும் அடக்கிக்கிட்டா உக்காந்திருந்தீங்க? பாதிய விட்டுட்டு வாங்க" என்றார்.

போய்ப் பாதியை விட்டுவிட்டு வந்தேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பாதின்னா எல்லாரும் முழுசாத்தான் விட்டுட்டு வருவாங்க" என்றார். கல்யாண வீட்டிலும் வத்திராயிருப்பு பஸ்சிலும் ஆயுசு முழுக்க அடக்கினவளுக்கு அது ஒரு வேலையா?

திரையில் கறுப்பாக ஒரு பை தெரிந்தது. ஆபரேசனுக்கு முன்னால் எடுத்த படத்தில் அதன் ஓரத்தில் கடலைப் பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த டாக்டரிடமும் நானாக எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அது இருக்கா, தாயி?"

"கட்டி ஒண்ணும் தெரியலம்மா. செவருதான் வீங்கித் தெரியுது. மருந்து சண்டை போட்டாலும் இப்பிடித் தெரியும். திரும்ப வந்தாலும் சிலருக்கு இப்பிடித்தான் தெரியும். உங்க டாக்டரு கேமரா விட்டுப் பாத்துத்தான் முடிவாச் சொல்லணும்."

வெளியே வந்து நாத்தனாரிடம் சொன்னேன். அவள் கட்டி தெரியவில்லை என்பதோடு காதை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! ஞாயித்துக்கெழம நீங்க முன்னால போயி மைக்கில சாட்சி சொல்லணும் மதினி."

கேமரா போகிற வழியையும் டாக்டர் சொல்லியிருந்தார், மருந்துக் குழாய் போன அதே வழிதான். மைக்கு, கேமரா இரண்டையும் யோசித்துப் பார்த்தேன்.

"கேமரா விட்டுப் பாக்கட்டும்" என்றேன். "பொறவு பாப்போம்."

மிச்சப் பாதியோடு பஸ் ஏறினேன்.