குலசாமி பேரில் பாஸ்வேர்டு

திண்டுக்கல் பேகம்பூரில் பிரவுசிங் சென்டர் நடத்திய இசைவாணிக்குச் சொந்தக்காரர்களின் மெயிலைப் பார்த்தாலே குமட்டும். அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு: குலசாமி சடைக்கருப்பு. விசேஷ வீடுதோறும் மாற்றச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எரியோட்டுச் சித்தப்பா சுருளிவேலின் மெயிலுக்குள் எவனோ புகுந்து, அவர் மகளைப் பெண் கேட்டவர்களுக்கு அசிங்கமாக எழுதிவிட்டான். சம்பந்தம் முறிந்தது.

"இப்பவாச்சும் மாத்துங்க சித்தப்பா!"

"சாமி பேரை நாமளா எடுக்கலாமாத்தா? கோயில்ல பூப்போட்டு உத்தரவு கேட்டுட்டு வாரேன்."

மறுநாள் வந்தார். "சாமி உத்தரவு குடுக்கலத்தா."

"கூட யாரு போனது?"

"பங்காளிக அம்புட்டுப் பேருந்தான். பாஸ்வேர்டு தெரிஞ்சவுக அவுகதானே?"

இசைவாணி எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள்.