கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில்

கறுப்பையும் சிவப்பையும் அடுத்தடுத்து வைக்க எங்கள் ஊரில் யாருக்கும் சுதந்திரம் கிடையாது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊதாவையும் ஆரஞ்சையும் வைத்து ஒட்டித் தொலைத்திருப்பேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த இரண்டு பேர் செய்த காரியம் அப்படி.

போடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். கைவேலை டீச்சர் மதுரைப் பக்கமிருந்து புதிதாக வந்தவர். ஆளுக்கொரு படம் கொண்டுவர வேண்டும், வரையக் கூடாது, கலர்த் தாளை வெட்டி ஒட்ட வேண்டும் என்றார். அதோடு விட்டாரா? பூ கூடாது, கிளி கூடாது, வீடும் மலையும் சூரியனும் கூடாது, வெறும் நிறமும் வடிவமும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றார். வகுப்பே சிரித்தது. "அப்ப என்னத்தத்தான் டீச்சர் ஒட்டுறது?" என்று ஒருத்தி கேட்டாள். "எதுக்குப் பக்கத்துல எது இருந்தா உன் கண்ணுக்குப் பிடிக்குதோ அத ஒட்டு" என்றார் டீச்சர். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கிளியைத்தான் ஒட்டினார்கள். நான் ஒருத்திதான் அந்தப் பேச்சை நம்பினேன்.

கறுப்புத் தாள் எந்தக் கடையிலும் இல்லை. போட்டோ ஸ்டூடியோவில் பிலிமுக்கு வெளிச்சம் படாமல் சுற்றி வருகிற தடித்த கறுப்புத் தாளைக் கெஞ்சி வாங்கி வந்தேன். சிவப்பு, தோரணம் கட்டுகிற மெல்லிய தாள். மஞ்சளுக்கு சினிமா நோட்டீஸ். பச்சைதான் படாத பாடு படுத்தியது. கடையில் கிடைத்ததெல்லாம் கிளிப்பச்சை. எனக்கு வேண்டியதோ அப்பாவின் கடையில் தரம் பிரித்துக் குவித்திருக்கும் ஏலக்காயின் பச்சை, வெயில் படாமல் காய்ந்த பச்சை. கடைசியில் அது பழைய காலண்டரில் அம்மனுக்குப் பின்னால் இருந்தது. அம்மன் மேல் கத்திரி படாமல் சுற்றி வெட்டி எடுத்துக்கொண்டேன். அம்மன் அந்தரத்தில் நின்றாள், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மைதா மாவுப் பசை காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்தவளுக்குச் சாப்பாடு மறந்து போயிற்று. கறுப்பைப் பெரிதாக வெட்டி, அட்டையின் கீழே இடது ஓரத்திலிருந்து மேலேறுகிற மாதிரி வைத்தேன். சிவப்பு ஒரே ஒரு கீற்று, வலது பக்கம் உயரத்தில், கொஞ்சம் சாய்வாக. இரண்டையும் ஒட்ட வைத்தால் சிவப்பு செத்துப் போனது. தள்ளி வைத்தால் ஒன்றையொன்று தெரியாதவர்கள் மாதிரி நின்றன. நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் அட்டையை விட்டபோது இரண்டும் சட்டென்று விழித்துக்கொண்டன. பச்சையைக் கறுப்பின் முதுகில் சின்னதாக வைத்தேன், மஞ்சளை எதிரே, வலது கீழ் மூலையில், அதைவிடச் சின்னதாக. படம் முடிந்தது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காயட்டும் என்று சனிக்கிழமை ராத்திரி நெல் மூட்டை மேல் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

இனி வீட்டு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம் சோறு போட்டது, கட்சி உயிராக இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, சிலமலையில் இருந்துகொண்டு போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றும் ஜீப்பு ஓட்டினார். இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தவரை ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கட்சி இரண்டாக உடைந்தது, மாமா புதுசு பக்கம் போய்விட்டார். அப்பா வேட்டியின் கரையில் கறுப்பும் சிவப்பும். மாமா வேட்டியின் கரையிலும் அதே கறுப்பும் சிவப்பும்தான், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு கூடுதல். அந்த ஒரு கோட்டுக்காகத் தேர்தல் சமயத்தில் கடைத்தெருவில் கட்டிப் புரண்டார்கள். அன்றிலிருந்து மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா சிலமலைக்குப் போகக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார்.

அம்மா சரியென்று கேட்டுக்கொண்டு, கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்குக் காது குத்தும் காலம் வரட்டும் என்று காத்திருந்தாள். தாய்மாமன் மடியில் வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்த எந்தக் கட்சியாலும் முடியாது. அப்பா பத்து நாள் முறைத்தார், பிறகு "வந்துட்டுப் போகட்டும்" என்றார். அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் காதுகுத்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலையில் எழுந்து நெல் மூட்டையைப் பார்த்தால் படத்தைக் காணோம். ஓடி வந்தால் முன்கூடத்துப் பட்டாசாலையில், வாசலுக்கு நேர் எதிரே, சுவரில் தொங்குகிறது. என் மஞ்சளின் நடு நெஞ்சில் ஆணி. அதுவும் தலைகீழாக!

"அடி சக்கை! எம்மக ஒட்டிருக்கா பாரு, கறுப்புஞ் செவப்புமா!" என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அது தலைகீழா இருக்குப்பா."

"கறுப்பு மேல, செவப்பு கீழ. அதான் ஆத்தா மொற."

"அது கட்சி இல்லப்பா, என் படம்."

"படம்னா ஒரு ஆளு வேணாம், ஒரு மாடு வேணாம்? போயி மொகத்தக் கழுவு, போ."

பச்சையும் மஞ்சளும் அவர் கண்ணில் படவே இல்லை. நான் விட்ட அந்த ஒரு விரல் இடைவெளியும் படவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அத்தை, அப்பாவின் அக்கா, தொடையில் கிள்ளி இறக்கிவிட்டாள். மகளைப் பற்றிய பெருமை என்றா நினைக்கிறீர்கள்? மச்சினன் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் குத்த வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் வீட்டில் வேறு சுவரா இல்லை?

மாமா ஜீப்பில் வந்து இறங்கினார். வேட்டி துண்டு, தேங்காய் பழம், சின்னதாக ஒரு ஜோடிக் கடுக்கன், எல்லாம் தட்டில் இருந்தன. அம்மா ஓடிப்போய்த் தட்டை வாங்கி, "வாப்பா அப்பு" என்றாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மாமா மணையில் உட்காரப் போனவர் நிமிர்ந்தார், சுவரைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே பாக்குற? எம்மக செஞ்சது. ரத்தத்துலயே ஊறிப் போச்சு" என்றார் அப்பா.

மாமா சிரித்தபடியேதான் சுவர்ப் பக்கம் போனார். "நல்லாத்தான் இருக்கு மச்சான். நடுவுல ஒண்ணு கொறையுதே" என்றவர், வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பை விரல் நிறைய வழித்து, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே நீள இழுத்துவிட்டார். நான் நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்த இடம். அளந்து வைத்த மாதிரி அவர் விரல் அதில் போயிற்று. ஈரம் பட்டுச் சிவப்புத் தாள் சாயம் விட்டு ரோஸாக வழிந்தது.

"இப்பச் சரியாப் போச்சு" என்றார்.

அப்பா பாய்ந்து அவர் துண்டைப் பிடித்தார். "எறங்குடா எம்வீட்ட விட்டு!" தம்பி வீறிட்டான். ஆசாரி ஊசியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். நடுவில் நின்று நான் கத்தினேன்: "அது கொடி இல்ல! அது கரை இல்ல! அது என் படம்!" தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டது அத்தை ஒருத்திக்குத்தான். "பெரியவுக சண்டையில பொட்டப்புள்ளைக்கு என்னடி சோலி?" என்று இன்னொரு கிள்ளு வைத்தாள்.

"அப்பு, உக்காருப்பா. காத மட்டும் குத்திட்டுப் போயிருப்பா" என்று அம்மா பிள்ளையை நீட்டிக்கொண்டே வாசல்வரை போனாள். "உங்க வீட்டுக்காரர் கட்சி ஆபீசுல வச்சுக் குத்திக்கிருவாரு, விடுக்கா" என்று சொல்லிவிட்டு மாமா ஜீப்பை எடுத்தார். அது திரும்புகிறவரை அம்மா பிள்ளையை நீட்டியபடியே நின்றாள். உள்ளேயிருந்து அப்பா, "அந்தத் தட்டத் தூக்கி வெளிய வையி" என்றார்.

படம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. கட்சி சமாச்சாரமெல்லாம் இங்கே கூடாது என்று தலைமையாசிரியர் அதை மாட்ட விடவில்லை. பரிசு ஒரு கிளிக்குப் போனது. கிடக்கட்டும். தம்பிக்கு அடுத்த வருஷம் ஒன்றுவிட்ட மாமா ஒருவரின் மடியில் காது குத்தினார்கள். சிலமலை மாமா எங்கள் வீட்டுக்கு அப்புறம் வரவே இல்லை. இதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு மறக்காமல் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்.

வந்தவர்கள் போய்விட்டார்கள். அப்பா கட்சி ஆபீசுக்குப் போய்விட்டார். நான் அடுப்படி மூலையில் அழுது தீர்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா படத்தை ஆணியிலிருந்து எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் வைத்துக்கொண்டு, "எது மேல வரணும் ஆத்தா?" என்று கேட்டாள். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். வெடுக்கென்று பிடுங்கித் திருப்பி வைத்தேன்.

முந்தானை நுனியை நனைத்து, காய்ந்திருந்த சுண்ணாம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். "அழுத்தாதம்மா, கிழிஞ்சிரும்" என்று அதட்டினேன். சரி சரி என்று மெதுவாகத் துடைத்தாள். பாதி வந்ததும் கை நின்றுவிட்டது. மாமாவின் விரல் இழுத்த தடத்தில் தன் விரலை வைத்து, அந்தத் தடத்தோடே மெதுவாகக் கொண்டுபோனாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

எனக்கு மனசு ஆறிப்போயிற்று. இந்த வீட்டில் என் படத்துக்காக அழவும் ஒரு ஆள் இருக்கிறதே! நான் வைத்த இடைவெளியின் அருமை அவளுக்காவது தெரிந்திருக்கிறதே! அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "மிச்சத்தையும் தொடச்சிரும்மா" என்றேன்.

"இது இருக்கட்டும் ஆத்தா" என்றாள்.

"ஏம்மா?"

"இருக்கட்டும்."

என் படத்துக்காக இவ்வளவு அழுகிறவள், அந்த மிச்ச வெள்ளையையும் துடைத்துக் கொடுத்தால் என்னவாம் என்று எனக்கு மறுபடியும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.