பாலத்தில் நின்ற வீட்டு வண்டி

அறுபதுகளின் தொடக்கம். ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு கிழட்டு வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, கோயில் யாத்திரை போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஆனால் அன்று அதை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. இரண்டு பிள்ளைகளைப் பிறக்கும் முன்பே பறிகொடுத்தவள் நான். மூன்றாவதுக்கு எட்டாம் மாதம். "அசைவு நின்னா உடனே வந்துடுங்க, படுக்க வச்சுத்தான் கொண்டுவரணும்" என்று திருச்சி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்று விடிந்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

வண்டியோ பிரிந்து கிடந்தது. பெட்ரோலையும் காற்றையும் என்ஜினுக்குள் கொண்டுபோகிற மேனிஃபோல்டு குழாய் விரிசல் விட்டதால், முந்தின நாள்தான் அதைக் கழற்றியிருந்தார். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த வேறொன்று கூடத்தில் மணைமேல் இருந்தது. பூஜை போடாமல் எந்தச் சாமானும் வண்டியில் ஏறக்கூடாது என் மாமியாருக்கு. மஞ்சளும் குங்குமமுமாக இருந்ததை, துடைத்துக்கூடப் பார்க்காமல் இவர் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். அவசர அவசரமாக நட்டை முடுக்கி மாட்டினார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் வந்தது.

என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். கால்மாட்டில் மாமியார் உட்கார்ந்தார். என்ஜின் ஒருவழியாகக் கிளம்பி, இருமிக்கொண்டே தெருக்களைத் தாண்டி, காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

ஸ்டார்ட்டரை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். நான் வயிற்றைத் தட்டினேன், தடவினேன். கல்லாகக் கிடந்தது.

"நீங்களும் உங்க வண்டியும்! இதையும் கொன்னுடுங்க!" என்று கத்தினேன்.

"பதறாதம்மா. எப்படி நிக்கும்? பெருமாள் துளசி உள்ளயே இருக்கே" என்றார் மாமியார்.

இவர் திரும்பினார். "உள்ளயேன்னா, எங்கம்மா?"

"அந்தக் குழாய் வாய்க்குள்ளதான். ஒரு கைப்பிடி. விழுந்துடக்கூடாதுன்னு நல்லா அழுத்தி வச்சேன்."

இவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த என்ஜின் மூடியைத் தூக்கி, அந்தக் குழாய் வாயை மூடியிருந்த கார்புரேட்டரைக் கழற்றினார். சூடு விரலைப் பொசுக்கியது. கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கொத்துக் கொத்தாக இழுத்தார். பெட்ரோலில் ஊறிக் கறுத்த துளசி. கீழே எறியப் போனவரிடமிருந்து மாமியார் அதைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், ஜன்னல் வழியாகக் காவிரியில் வீசக் கையை ஓங்கினேன். கார்புரேட்டரை மாட்டிவிட்டு இவர் ஸ்டார்ட்டரை அமுக்கினார். என்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி மொத்தமும் குலுங்கியது. அந்தக் குலுக்கலில், வயிற்றுக்குள் ஓர் உதை. பிறகு இன்னொன்று.

"அத்தை, உதைக்குது" என்றேன்.

அதுவரை பதறாதே பதறாதே என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், என் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அவரும் பயந்துதான் கிடந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடி பார்க்க, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தத் துளசியை எடுக்க வேண்டியிருந்தது.