சண்டியனுக்குப் பெண்பால்

சண்டியன் என்ற சொல்லுக்கு எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் பெண்பால் கிடையாது. சண்டித்தனம் செய்யும் உரிமை அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது போலும். அதனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் வந்து குடியேறிய மங்கரேயில் எங்கள் பெண்கள் ஹொக்கி அணிக்குப் புதிதாக ஒரு பின்வரிசைக்காரி வந்து சேர்ந்தபோது, கரையில் நின்ற நாங்கள் அவளையும் சண்டியன் என்றே கூப்பிட்டோம். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் யார் அவளிடம் போய்ச் சொல்வது என்பது வேறு கதை.

அணி என்று பெரிதாகச் சொல்கிறேன். கடைசிக்கு முந்திய தரத்தில் விளையாடிய அணி. விமான நிலையத்திலும் அதைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளிலும் வேலை செய்த பெண்கள். எங்கள் ஆட்கள் சிலர், பீஜி இந்தியர், சமோவாக்காரர், கோல் காக்க ஒரு தமிழ்நாட்டுப் பெண். ரசிகர் கூட்டம் அதைவிடச் சின்னது. நானும் என் மனுசனும் கோல்காரியின் கணவரும் தவறாமல் வருவோம். மழை இல்லையென்றால் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் வரும். என் மனுசன் காரை விட்டு இறங்கமாட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு, கோல் விழுந்தால் ஹோர்ன் அடிப்பார். அதுதான் அவருடைய பங்கு.

கோல்காரியின் கணவர் கோவில்பட்டிக்காரர். ஹொக்கியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவரே சொல்லுவார். “ஹாக்கிங்கறது மணிக்கட்டு வேலைங்க. உடம்பால இடிக்கணும்னா ரக்பிக்குப் போயிரணும்” என்று ஒவ்வொரு வாரமும் பாடம் நடக்கும். நான் கிழமை முழுக்கச் சரக்குக் கொட்டகை அலுவலகத்தில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, வராத பெட்டிக்கும் நனைந்த பெட்டிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பவள். சனிக்கிழமை வந்தால் எனக்குக் கத்த வேண்டும். மணிக்கட்டாவது, மண்ணாங்கட்டியாவது.

முன்னால் நின்று கோல் அடிப்பவள் என் தங்கச்சி. மெலிந்த உடம்பு, வேகமான கால். சண்டியன் வருவதற்கு முந்திய வருசம், துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து அணி ஒன்றோடு விளையாடும்போதெல்லாம் அவளுக்குக் கண்டம்தான். அந்த அணியில் பொன்னிறப் பின்னல் போட்ட ஒருத்தி இருந்தாள். நடுவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பும் நேரம் பார்த்து, மட்டைப் பிடியால் தங்கச்சியின் விலாவில் ஒரு குத்துக் குத்துவாள். காலை மிதிப்பாள். விழுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பாள். எனக்கு அதைவிடப் பற்றியெரிந்தது வேறு ஒன்று. விழுந்த என் தங்கச்சி எழும்பி, உடுப்பைத் தட்டிக்கொண்டு, அவளைப் பார்த்து “சொறி” என்பாள். இடித்தவள் அவள், மன்னிப்புக் கேட்பவள் இவள்! பேருந்தில் யாராவது எங்கள் காலை மிதித்தாலும் நாங்கள்தான் சொறி சொல்லுவோம். இந்த நாட்டுக்கு வந்து முதலில் படித்த சொல் அதுதானே.

வீட்டுக்கு வந்தால் அம்மா நோவெண்ணெய்ப் போத்தலோடு காத்திருப்பார். தடவிக்கொண்டே பேச்சு விழும். “இது விலா. மூடிப்போட்டுத் திரியலாம். முகத்தில ஒரு கீறல் விழட்டும், உந்த மட்டையை அடுப்புக்க வைக்கிறனோ இல்லையோ பார்.”

“கரண்ட் அடுப்புக்க எப்படியம்மா மட்டையை வைக்கிறது?” என்று தங்கச்சி கேட்டாள்.

“முறிச்சு வைப்பன்” என்றார் அம்மா. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தங்கச்சிக்குச் சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. முகத்தில் காயம் பட்டால் ஹொக்கி அத்தோடு முடிந்தது என்பது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. மங்கரேயில் தொழிற்சாலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்த அவளுக்கு வேறு என்ன இருந்தது? சனிக்கிழமை அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும்தான் அவளுடைய முகம் வெளிக்கும். அதையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் மலேசியாக்காரி வந்தாள். ஈப்போப் பக்கம். முதியோர் இல்லத்தில் வேலை. கிழவர்களையும் கிழவிகளையும் கட்டிலில் இருந்து நாற்காலிக்கும் நாற்காலியில் இருந்து கட்டிலுக்கும் தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள் இரண்டும் கதவு மாதிரி இருந்தன. முதல் நாள் பயிற்சியிலேயே எங்கள் சமோவாக்காரப் பெண் ஒருத்தி அவள்மேல் மோதி, மோதிய வேகத்தில் திரும்பிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் அங்கேயே கை தட்டிவிட்டேன். “வந்திட்டாளப்பா எங்கட சண்டியன்!” என்று கத்தினேன். காருக்குள் இருந்து ஹோர்ன் கேட்டது.

கோவில்பட்டிக்காரருக்கு முகம் சுருங்கிப் போனது. “இது ரவுடித்தனங்க. ஆட்டத்தோட அழகே போயிரும்.”

“போன வருசம் முழுக்க அழகாத்தானே தோத்தனாங்கள்” என்றேன். அவருடைய மனைவி கோல் கம்பத்தில் சாய்ந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெறும் பலம் மட்டுமில்லை அவளிடம். பந்தை எடுப்பதற்குக் குனிந்து வருவாள், பந்து வரும், கூடவே எதிரியின் நம்பிக்கையும் வரும். அவள் பக்கம் ஒருமுறை வந்தவர்கள் அடுத்தமுறை மற்றப் பக்கத்தால் போனார்கள். தங்கச்சியை யாராவது உரசினால் போதும், மைதானத்தின் அடுத்த முனையில் இருந்து நடந்து வருவாள். ஓடமாட்டாள். நடந்து வந்து, உரசியவளுக்குப் பக்கத்தில் நின்று, காலுறையை மேலே இழுத்துவிட்டுத் திரும்பிப் போவாள். அவ்வளவுதான். அதன் பிறகு உரசல் இருக்காது.

ஒருநாள் ஆட்டம் முடிந்து எல்லாரும் பொரித்த பற்றிசும் பிளாஸ்க் தேத்தண்ணியுமாக நின்றபோது, சண்டியன் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டாள். “என்னாம்மா நீ, இடிச்சவங்ககிட்ட போய் சாரி சொல்ற? என்னாத்துக்கு லா?”

“பழக்கமாப் போச்சுது அக்கா.”

“பழக்கத்த விடு. நீ கோல் அடி, மத்தத நான் பாத்துக்கறேன்.”

எங்கள் ஆட்களிலும் முணுமுணுப்பு இருந்தது. கணக்காளர் ஒருவர், நல்ல மனிதர்தான், மழையில்லாத நாட்களில் குடும்பத்தோடு வருபவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வந்த இடத்தில எங்களுக்கு ஏன் உந்தச் சண்டித்தனம்? வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. “போன வருசம் என்ரை தங்கச்சி அடி வாங்கி அடி வாங்கி விழேக்க அவை எங்களைப் பற்றி என்ன நினைச்சவை அண்ணை? நல்ல பிள்ளையள் எண்டே? ஒண்டுமே நினைக்கேல்லை. இனியாவது ஏதாவது நினைக்கட்டும்.” அவர் பற்றிசை எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார். மனிதரோடு அதற்குப் பிறகும் நல்ல மாதிரித்தான் இருந்தேன், ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

பொன்னிறப் பின்னல்காரியின் அணியோடு எங்களுக்கு மறுபடி ஆட்டம் வந்தது. அதற்கு அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் இன்னொரு பக்கம், மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்து ஒரு குடும்பம் தங்கச்சியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. போகாதே என்றால் இவள் கேட்கமாட்டாள். ஆகவே முகத்துக்குக் காவலாகத் தானே வருகிறேன் என்று குடையும் கம்பளிச் சால்வையுமாகக் காரில் ஏறிவிட்டார். அதுவரை அவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சண்டியன் ஒருத்தியிடம் பந்தைப் பிடுங்கிய விதம் நடுவருக்குப் பிடிக்கவில்லை. விசில் ஊதி, பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஹொக்கியில் பச்சை என்றால் எச்சரிக்கை. அம்மாவுக்கு அது எங்கே தெரியும்? அமெரிக்காவில் இருக்கும் மாமாவுக்கு எப்போது கிரீன் கார்ட் கிடைக்கும் என்று வருசக்கணக்காகக் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருப்பவர். குடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். “கிரீன் கார்ட் குடுத்திட்டினம்! நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.”

கோவில்பட்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். நான் விளக்கப் போகவில்லை. அம்மா சண்டியனுக்காகக் கை தட்டுகிறார், அது எனக்குப் போதும்.

இரண்டாம் பாதியில் நடந்தது. தங்கச்சி பந்தோடு கோல் வட்டத்துக்குள் வெட்டிப் போனாள். பின்னல்காரி பின்னால் வந்து மட்டையை ஓங்கினாள். பந்துக்கு என்று யாரும் சொல்லவேண்டாம், பந்து நிலத்தில்தான் கிடந்தது. தங்கச்சி முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். விரல்களுக்கு நடுவால் இரத்தம் வந்தது. நடுவர் மறுபக்கம் நின்றார், விசில் இல்லை. பின்னல்காரி பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் கோலைப் பார்த்து ஓடினாள்.

சண்டியன் ஓடியதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். நேராக வந்தாள். தோளோடு தோள். பந்து ஒரு பக்கம் போனது, மட்டை ஒரு பக்கம் போனது, பின்னல்காரி நனைந்த செயற்கைப் புல்லில் முதுகால் வழுக்கிக்கொண்டு போய் எல்லைக் கோட்டுக்கு வெளியே கிடந்தாள். அப்போது மட்டும் விசில் ஊதியது! மஞ்சள் அட்டை, கொஞ்ச நேரம் வெளியே இருக்கவேண்டும். சண்டியன் போய் நாற்காலியில் இருந்தாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு, “நான் பந்துக்குத்தான் வந்தேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம்.

“ஃபவுல்தாங்க. சுத்தமான ஃபவுல்” என்றார் கோவில்பட்டிக்காரர். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். என் மனுசன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவேயில்லை. அந்தப் பக்கத்து ரசிகர் ஒருவர் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். நான் தமிழிலேயே திருப்பிக் கொடுத்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அம்மா என்ன செய்கிறார் என்று பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை.

தங்கச்சிக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். வீங்கி, நீலம் பாரித்து, ஒரு கண் பாதி மூடிப்போயிருந்தது. காரில் தங்கச்சி அழுதாள். நோவுக்கு இல்லை. இனி விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் அழுதாள். அம்மா முன் ஆசனத்தில் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். வீடு கிட்ட வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

“மற்றவள் எழும்பினவளோ?”

“எழும்பிட்டாள் அம்மா. கொஞ்ச நேரம் எடுத்தது” என்றேன்.

“ம்” என்றார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல அன்றிரவே கதை ஒன்று சோடிக்கப்பட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லவேண்டும். மட்டையை என் மனுசன் காரின் பின்பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். எனக்கு அந்தப் பொய் துளியும் பிடிக்கவில்லை. தங்கச்சி என்ன களவா எடுத்தாள்? ஆனால் அடுப்பில் போகவேண்டிய மட்டை பின்பெட்டியில் கிடக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மவுண்ட் ஆல்பர்ட் குடும்பம் சொன்ன நேரத்துக்கு வந்தது. அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்; அதற்காக யாரும் எங்களுக்காகப் பரிதாபப்பட வேண்டாம். தங்கச்சி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் தாய் கோப்பையை எடுக்காமல் அவளுடைய முகத்தையே பார்த்தார்.

“என்ன பிள்ளை, புருவத்தில?”

நான் வாயைத் திறந்தேன். குளியலறை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா முந்திக்கொண்டார்.

“ஹொக்கியில பட்டது. ஒருத்தி பின்னால நிண்டு அடிச்சவள். ஆனா அவளையும் நிண்ட நிலையில விடேல்லை.”

மாப்பிள்ளை தரைவிரிப்பைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் மெதுவாக, மரியாதை குறையாமல்தான், கேட்டார்.

“கலியாணம் எண்டு வந்தா உதுகளை விட்டிடுவா என்ன?”

“ஏன் விடவேணும்?” என்றார் அம்மா.