துரை பங்களாவின் மணி

ஹந்தானை மலையில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பழைய பங்களாவை விடுதியாக மாற்றப் போகிறார்கள். அதை அளந்து வரைபடம் போடும் வேலை என் கணவருக்குக் கிடைத்திருந்தது. பாலர் பள்ளிக்கு விடுமுறை. நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இருமல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, கூட்டி வந்தது சரியா என்று ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் நான்கு கல்தூண்கள், அறைக்கு அறை குளிர்காயக் கணப்பு, கூரையில் புகைபோக்கிகள். இங்கிலாந்தில் தான் விட்டுவந்த வீட்டை அப்படியே இங்கே கட்டச் சொன்னாராம் துரை. என் கணவர் முன்வாசலில் நின்று கூப்பிட்டார். என் கால்களோ பின்பக்கக் குசினிக்குப் போய்விட்டன. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். சிறுவயதில் அம்மாவோடு பங்களாவுக்கு வந்தால் அந்த வழியாகத்தான் வருவோம். அம்மா அப்போது என்னிடம் சொன்னதையே மகளிடமும் சொன்னேன்.

"பங்களாவுக்குள்ள சத்தம் போடக்கூடாது. ஒன்னையும் தொடக்கூடாது."

காவலுக்கு இருந்த அக்கா சிரித்தார். "யாரு இருக்கா தங்கச்சி இங்க? வௌவாலுதான் கோவிச்சுக்கும்."

மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, அவளுக்குப் பால்மா கரைக்கக் குசினிக்கு வந்தேன். குசினிக்கும் வீட்டுக்கும் இடையில் நீண்ட, ஜன்னல் இல்லாத ஒரு நடை. வேலைக்காரர்கள் துரையின் கண்ணில் படாமல் தட்டெடுத்துப் போவதற்காக அப்படிக் கட்டியது. பாலோடு திரும்பியபோது என் கணவர் தனியாக அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ள எங்க?"

"ஒன் பின்னாலதானே வந்தா?"

கூப்பிட்டேன். பதில் இல்லை. திறந்திருந்த அறைகளுக்குள் பார்த்தேன். மூடியிருந்த கதவுகளைத் தள்ளினேன், அசையவில்லை. பூட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகுதான் புல்வெளியின் ஓரம் நினைவுக்கு வந்தது. அங்கே புல் முடிந்ததும் தடுப்பில்லாமல் ஆளுயரத்துக்குக் கீழே இறங்கும் மதில், அதன் அடியில் தேயிலைச் சரிவு. என் கணவர் அந்தப் பக்கம் ஓடினார். நான் அக்காவிடம் கேட்கக் குசினிக்கு ஓடினேன். இருமலைச் சாக்கிட்டு வீட்டிலேயே வைத்திருக்கலாமே, பாலை ஃபிளாஸ்க்கில் கரைத்துக் கொண்டுவந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அக்காவிடம் நான் வாய் திறக்கும் முன்பே தலைக்கு மேல் ஒரு மணி அடித்தது.

குசினிக் கதவுக்கு மேலே, சுருள் கம்பிகளில் எட்டுப் பித்தளை மணிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரு கம்பி சுவருக்குள் ஓடி வந்து ஒரு மணியில் முடிகிறது. அறையில் பிடியை இழுத்தால் இங்கே அடிக்கும். அடித்து ஓய்ந்த பிறகும் அந்த மணி மட்டும் சிறிது நேரம் ஆடிக்கொண்டிருக்கும், எந்த அறை என்று வேலைக்காரர் பார்த்துக்கொள்வதற்காக. ஆறாவது மணி ஆடிக்கொண்டிருந்தது.

"அது தொரசானி ரூம்," என்றார் அக்கா. "இத்தன வருசத்துல இப்பதான் தொரசானி கூப்பிடுறாங்க. வாங்க, போவோம்."

அது நான் தள்ளிப் பார்த்துவிட்டுப் போன கதவு. பூட்டியிருக்கவில்லை. காற்றில் சாத்திக்கொண்டு, மழையில் ஊதிய மரம் நிலையில் இறுகியிருந்தது. அக்கா தோளால் ஓர் இடி கொடுத்தார். கணப்பின் பக்கத்தில் பிடியைப் பிடித்தபடி மகள் நின்றாள். அழுத கண், ஆனால் வாயை இறுக மூடியிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அம்மா எத்தன தடவ கூப்பிட்டேன், ஏன் பேசல?"

"நீதானே சத்தம் போடக்கூடாதுன்னு சொன்ன," என்றாள். பிறகு பயந்த குரலில், "இத மட்டும் தொட்டுட்டேன்."

மதில்பக்கமிருந்து மூச்சிரைக்க வந்த என் கணவர், எங்களைப் பார்த்ததும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். மணி அடித்ததை அக்கா சொல்லக் கேட்டதும் நோட்டைப் பிரித்து, 'மணிக் கம்பிகளை அகற்றவும்' என்று எழுதியிருந்த வரியைக் கோடிட்டு அடித்தார்.

திரும்பி வரும்போது முன்வாசல் வழியாகத்தான் இறங்கினோம். ஆட்டோவில் மகளிடம் சொன்னேன். "இனிமே அம்மா கூப்பிட்டா எங்க இருந்தாலும் சத்தமா பதில் சொல்லணும்."

"பங்களாவுலயுமா?"

"பங்களாவுலயும்தான்."

"கோயில்லயுமா?"

சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். "கோயில்லயும்தான்," என்றேன்.