முப்பத்தேழு கிலோமீட்டருக்குள் சொல்ல வேண்டியது

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் முப்பத்தேழு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாதத்துக்கு நாலு தடவை போய்வருகிற ஊர்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் எனக்கு வியர்த்ததுபோல, காசிக்குப் போய்வந்த மூன்று நாள் ரயிலில்கூட வியர்த்ததில்லை.

பகல் 12.40. புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து வேன் கிளம்பியது. நாள் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, டோல் தனி. உள்ளே பதினாலு கால்பந்து ஆட்டக்காரர்கள், கோச்சு, நான். நான் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோச்சு இங்கிலாந்துக்காரர், அவருக்குத் தமிழ் வராது. ஆட்டக்காரர்களுக்கு அவர் பேசுகிற இங்கிலீஷ் புரியாது. எனக்கும் முதல் ஒரு மாதம் புரியவில்லை, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆக, நடுவில் மொழிபெயர்க்க நான்.

கோச்சின் பெயர் கீத். ஐம்பத்து மூன்று வயது. அவர் நாட்டில் பதினேழு வருடம் பந்து ஆடியிருக்கிறார், பதினாலு கிளப்புக்கு. எல்லாம் மூன்றாவது, நாலாவது டிவிஷன். கோல் அடிக்கிற இடத்தில் நிற்கிற ஆள். ஒரு கிளப்பில் மொத்தமே ஐந்து வாரம்தான் வைத்திருந்தார்களாம். "பெட்டியை நான் முழுசாகப் பிரித்ததே இல்லை" என்பார். ஆடி முடித்தபின் அணியை நடத்துகிற மேனேஜர் ஆனார். நாலு இடத்தில் வேலை போனது. ஒரு தடவை காரில் போகும்போது ரேடியோவில் கேட்டுத்தான் தன் வேலை போனதைத் தெரிந்துகொண்டாராம். பிறகு போதும் என்று நாட்டை விட்டு வந்து, கடலோரம் கோட்டக்குப்பம் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்தவரை, எங்கள் ஊர் ரைஸ் மில் முதலாளி ஒருவர் கண்டுபிடித்துக் கூட்டிவந்து தன் அணிக்குக் கோச்சாக்கினார்.

12.55. முண்டியம்பாக்கம் தாண்டும்போது கீத் என்னைத் தன் பக்கத்து சீட்டுக்குக் கூப்பிட்டார்.

"வேலு இன்று ஆடப்போவதில்லை. கடைசி நிமிடத்தில்கூட இறக்க மாட்டேன். முட்டி போய்விட்டது. மறைக்கிறான். நேற்று படியில் பக்கவாட்டாக இறங்கியதைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. மைதானத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிடு."

நான் சொன்னேன்: "அங்கே போய்ச் சொல்லலாமே."

அவர் முகம் மாறிவிட்டது. ஒன்பதாவது கிளப்பில் ஆடும்போது அவருடைய அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வெளியூர் ஆட்டம் பார்க்க ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார்களாம். இவர் உடை மாற்றும் அறைக்குப் போனால் கதவில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. பதினோரு பேரிலும் இவர் பெயர் இல்லை, மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் மேனேஜரான அன்றைக்கு முடிவு செய்தேன். என் ஆளுக்கு வாயால் சொல்வேன், முன்கூட்டியே சொல்வேன். இங்கே எனக்கு வாய் நீதான்" என்றார்.

எழுந்து பின்சீட்டுக்குப் போனேன். வேலுவுக்கு முப்பத்து மூன்று வயது. மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிற வேலை. பத்து வருடமாக எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் யார் கூப்பிட்டாலும் போய் ஆடிவிட்டு வருகிறவர். அவர் ஆடாத அணி மாவட்டத்தில் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"சார், இன்னிக்கி என் மச்சானுங்க வர்றானுங்க. கிளியனூர்ல இருந்து. பத்து வருசத்துல மொத தபா."

"அப்படியா?"

"எங்க ஊட்டுக்காரிக்கு ரெண்டு அண்ணனுங்க. ரெண்டு பேருக்கும் சொந்த நெலம். நான் பந்து ஒதச்சிக்கினு திரியிறேன்னு அவங்களுக்கு எளக்காரம். பொங்கலுக்குப் போனாகூட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டானுங்க. ஒரு தபா வந்து பாருங்கடான்னு நான்தான் சொல்லிக்கினே இருந்தேன்."

இதற்குமேல் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். டீ குடித்துவிட்டுப் பேசலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

1.10. விக்கிரவாண்டி. டோலில் ஏழு வண்டிக்குப் பின்னால் நின்றோம். அதைத் தாண்டியதும் டீ, ஒன்று பதினைந்து ரூபாய். கீத் கண்ணாலேயே கேட்டார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அது ஆமாவும் இல்லை இல்லையும் இல்லை. அந்தத் தலையாட்டலை அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, நல்லவேளை. வேலு டீயை நின்றுகொண்டே குடித்தார். இடது காலில் பாரம் போடவில்லை. அதைப் பார்த்தபின் கோச்சின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது. அதுவே என்னை இன்னும் பேஜாராக்கியது.

1.35. கூட்டேரிப்பட்டு. வலப்பக்கம் மயிலம் போகிற ரோடு. இனி திண்டிவனம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எழுந்துபோய் வேலுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேலு, கோச்சு சொன்னாரு. உங்களுக்கு முட்டி கொஞ்சம் சரியில்லயாம். மொதல்ல உக்காருங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்புறம்னா, செகண்ட் ஹாஃபா சார்?"

"பாக்கலாம்."

இந்த "பாக்கலாம்" என்கிற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ணியதில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கிறவனுக்கு, கடன் கேட்கிற சொந்தக்காரனுக்கு, எல்லாருக்கும் அதுதான். கேட்கிறவர்களும் அதற்கு இல்லை என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேலு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆட வேண்டும் என்று இருக்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார்? உடனே போனை எடுத்தார்.

"மச்சான், ஜல்தியா வர வேணாம். மெதுவா வாங்க. என்ன செகண்ட் ஹாஃப்லதான் எறக்குறாரு."

அப்போதாவது அந்தப் போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்சீட்டுக்குப் போய்க் கீத்திடம் "சொல்லியாச்சு" என்றேன்.

3.30. ஆட்டம் ஆரம்பித்தது. திண்டிவனத்து வெயிலில் மைதானம் சுட்டு எடுத்த சட்டி மாதிரி காய்ந்து கிடந்தது. நுழைவுச்சீட்டு இருபது ரூபாய். இருபதாவது நிமிடத்தில் எதிர் அணி ஒரு கோல் போட்டது. எனக்கு ஆட்டத்தில் மனம் இல்லை, கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.15. இடைவேளை. கேட்டுக்குள் ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் நின்றபடி ஒன்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டு மச்சான்கள், அவர்கள் மனைவிகள், வேலுவின் மனைவி, பங்காளிகள். ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை. வேலு அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கோட்டோரமாக மெதுவோட்டம் ஓட ஆரம்பித்தார். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

கீத் என்னிடம் வந்தார். "அவன் ஏன் ஓடுகிறான்?"

சொல்லிவிட்டேன். வேனில் நான் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. சத்தமே இல்லாமல் சொன்னார்: "அப்படியானால் நீ கதவில் பேப்பர் ஒட்டியிருக்கிறாய்."

பிறகு என் முழங்கையைப் பிடித்து வேலுவிடம் இழுத்துக்கொண்டு போனார். "இப்போது என் வார்த்தை மட்டும். கூட்டாதே, குறைக்காதே" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"வேலு, உன் முட்டி போயிடுச்சி. இன்னிக்கி ஆடினா நாளைக்கி உன்னால மூட்டை தூக்க முடியாது. அதனால உன்ன எறக்க மாட்டேன். ஒரு நிமிசம்கூட எறக்க மாட்டேன். இது என் முடிவு. நீ நல்ல ஆட்டக்காரன்."

வேலு கோச்சைப் பார்த்து "சரி கோச்சு" என்றார். அவ்வளவுதான். கோச்சு போனபின் என் பக்கம் திரும்பினார்.

"சார், வேன்லயே இத சொல்லியிருந்தீங்கன்னா அவங்கள வர வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?"

வெட்கமாக இருந்தது, அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவர் நொண்டிக்கொண்டே கேட்டோரம் போனார். அவர் பேசியது எனக்குக் கேட்டது. "முட்டி போயிடுச்சி மச்சான். கோச்சு எறக்கல." மூத்த மச்சான் ஏதோ சொன்னான், கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வேலுவின் மனைவி மட்டும் சிரிக்காமல் மல்லாட்டைப் பையை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிப் போய்விட்டது.

ஒன்றுக்குச் சைபர். தோற்றோம்.

மாலை 5.50. வேன் திண்டிவனத்தைத் தாண்டும்போது என் போன் அடித்தது. மில் முதலாளி. அவருக்கும் கீத்துக்கும் நேராகப் பேச வழியில்லை, எதுவானாலும் நான்தான்.

"சார், தோத்துட்டானுங்களாமே. இந்த வெள்ளைக்காரரு இந்த மாசத்தோட போதும்னு இருக்கேன். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்லணும்னு இல்ல."

போனை வைத்தேன். பக்குவமாகச் சொல்வது எனக்குக் கைவந்த கலை. "முதலாளி கொஞ்சம் யோசிக்கிறார்" என்பேன். "பாக்கலாம்னாரு" என்பேன். இன்னும் பத்து நாள் அந்த மனுஷர் காலையில் எழுந்து விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். ஊரில் டீக்கடை வரைக்கும் தெரிந்தபின் கடைசியில் அவருக்குத் தெரியவரும். கூட்டேரிப்பட்டு வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருட்ட ஆரம்பித்திருந்தது. விக்கிரவாண்டி டோலில் வேன் நின்றபோது முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"கீத், உங்கள் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. முதலாளி உங்களிடம் சொல்லச் சொன்னார்."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்: "எப்போது சொன்னார்?"

"அரை மணி நேரம் ஆகிறது."

"வேறு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நீங்கள்தான் முதல்."

அவர் கையை நீட்டினார். "ஐந்து தடவை வேலை போயிருக்கிறது. ஒரு மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இதுதான் முதல் தடவை" என்றார்.

பின்னாலிருந்து வேலு கேட்டார். "கோச்சு இன்னா சொல்றாரு சார்?"

நான் கீத்தைப் பார்த்தேன். சொல் என்று தலையாட்டினார். சொன்னேன். வேலு சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, நான் எழுந்து பின்னால் நகர, கோச்சுக்குப் பக்கத்து சீட்டில் இடது காலை நீட்டி உட்கார்ந்தார். பையில் மிச்சமிருந்த மல்லாட்டையைப் பாதி பிரித்து அவர் மடியில் வைத்தார். இரண்டு பேரும் உரித்துத் தின்றார்கள்.

டோல் கம்பி உயர்ந்து வேன் நகர்ந்தபோது வேலு என்னிடம் சொன்னார்: "கோச்ச ஒன்னு கேளுங்க சார். இனிமே நான் ஆடறனா இல்லியான்னு எனக்கு யாரு சொல்லுவாங்க?"

கேட்டேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கீத் தோலை உரித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், கட்டைவிரலால் என்னைக் காட்டினார். விழுப்புரம் வர இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது.